பம்பாயில் இல்லாத பன்னிரண்டு வருடங்கள்

ஜனவரி 8, திங்கள்

இன்றைய பேப்பரில் ஒரு வரி விளம்பரம். உறையூரில் ஒரு திருமண மண்டபத்துக்கு மேலாளர் தேவை. பெண்களும் வரலாம். சமையல்கட்டு, பந்தி, வேலையாட்கள் இவற்றைப் பார்த்துக்கொண்ட அனுபவம் வேண்டும். மண்டபத்திலேயே தங்க அறை உண்டு. பயோடேட்டாவுடன் நேரில் வரவும்.

அறை பற்றிய வரியை மறுபடியும் படித்தேன். இந்த வீட்டில் நான் ஹாலில் படுக்கிறேன். அதில் குறை ஒன்றுமில்லை. ஃபேன் நன்றாகவே சுற்றுகிறது. அண்ணன் டிவி பார்த்து முடித்ததும் பாயை விரித்துக்கொள்ளலாம்.

காலையில் மாவு ஆட்டி, பாக்கெட் போட்டு, கடைகளுக்கும் ரயில்வே குடியிருப்புக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். பாக்கெட்டில் ‘ரெஜினா இட்லி மாவு’ என்று அச்சடித்திருக்கும். ரெஜினா என் அண்ணி. மாலையில் நாளைக்கான உளுந்தைக் களைந்தேன். அண்ணனின் பணிமனைச் சட்டையில் கிரீஸ் கறை போகவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

சாப்பிடும்போது சொன்னேன்.

“வேலைக்கா? யாரு போறது?” என்றார் அண்ணன்.

“நான்தான்.”

“இங்க உனக்கு என்ன குறை வச்சோம் சீலி?”

“குறைன்னு சொல்லலைண்ணே. வேலைக்குப் போறேன்னு சொல்றேன்.”

அண்ணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “கல்யாண மண்டபத்துக்கா? நல்லாத்தான் இருக்கு. கன்னியாஸ்திரீ முன்னாடி நின்னு கல்யாணம் பண்ணி வைக்கிற கூத்தை எங்கயாச்சும் பாத்திருக்கோமா?”

“மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேக்கும்” என்றார் அண்ணன். பிறகு என்னிடம், “போறதுன்னா போ. பயோடேட்டாவுல பம்பாய்னு போட்டுக்க” என்றார்.

பயோடேட்டா எழுதுவதற்கு முன் எனக்கே ஒரு தெளிவு வேண்டும். எழுதி வைக்கிறேன். பத்தொன்பது வயதில் மடத்தில் சேர்ந்தேன். முப்பத்தொன்றில் வெளியே வந்தேன். இடையில் பன்னிரண்டு வருடம் என் பெயர் சகோதரி பெர்னதீன். கடந்த நான்கு வருடமாக மறுபடியும் ஜெயசீலி. அண்ணன் கிரகோரி இங்கே பொன்மலைப்பட்டியில் அன்பியத் தலைவர். எங்கள் தெருவில் ஜெபக்கூட்டம் நடத்துவதும் பங்குச் சாமியாரிடம் பேசுவதும் அவர்தான். அவர் தங்கை மடத்தை விட்டு வந்தவள் என்று இருக்கக் கூடாது. அதனால் நான் பம்பாயில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, உடம்புக்கு முடியாமல் திரும்பியவள். யாராவது பம்பாயைப் பற்றிக் கேட்டால் மழை அதிகம் என்று சொல்வேன். அதற்கு மேல் இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஜனவரி 11, வியாழன்

மாவு கொடுத்த கையோடு ஹபீபாவின் டி.டி.பி. கடைக்குப் போனேன். வட்டாரத்தில் வேலை தேடும் எல்லாருக்கும் அவள்தான் பயோடேட்டா அடித்துக் கொடுக்கிறாள். அவளிடம் இங்கிலீஷில் ஒரே அச்சு இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றுவாள். ‘சவாலான சூழலில் உழைத்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பாடுபடுவேன்’ என்று மேலே இருக்கும். ‘பொழுதுபோக்கு: பாட்டு கேட்பது’ என்று கீழே இருக்கும்.

“எனக்குப் பாட்டு கேக்குற பழக்கம் இல்லையே” என்றேன்.

“யாருக்குக்கா இருக்கு? போன வாரம் சவுண்டு சர்வீஸ்காரர் ஒருத்தர் வந்தாரு. பாட்டுன்னாலே எரியுதும்மா, அதைத் தூக்குன்னாரு. நான் தூக்கலையே.”

“என்னுதுல தூக்கிடு.”

தூக்கினாள். படிப்புக்கு வந்தோம். பிளஸ் டூ, தட்டச்சு லோயர். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். பையில் இறையியல் பட்டயமும் இருந்தது. இரண்டு வருடம் உட்கார்ந்து படித்தது. எடுத்து மேசையில் வைத்தேன். ஹபீபா பெயரைப் படித்தாள்.

“இது யாருக்கா, பெர்னதீன்?”

“நான்தான்.”

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “அல்லாவே. சிஸ்டரா இருந்தீங்களா? நாலு வருஷமா உங்ககிட்ட மாவு வாங்குறேன், ஒரு வார்த்தை சொல்லலையே!”

“பாக்கெட்ல அதுக்கு இடம் இல்ல.”

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். முதலில் கோவில்களில் பூசைக்குக் கொடுக்கும் அப்பம் சுடும் பிரிவு. பிறகு ஏழு வருடம் போர்டிங் சமையல்கட்டு, முந்நூறு பிள்ளைகள். சபையில் புதியவர்கள் வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, கொடுக்கும் நாளில் வரும் கூட்டத்துக்குப் பந்தல், பந்தி, பாத்திரம் எல்லாம் என் பொறுப்பு.

“இதெல்லாம் மண்டப வேலைதானேக்கா? இதை விட்டுட்டு யாராச்சும் பம்பாய்னு போடுவாங்களா?”

நான் பட்டயத்தை எடுத்துப் பையில் வைத்தேன்.

“சரி, இப்ப நாலு வருஷமா என்ன பண்றீங்கன்னு போடட்டும்?”

“சும்மா இருக்கேன்.”

ஹபீபா என் கையைப் பார்த்தாள். “சும்மா இருக்கவங்களுக்கு முழங்கையில மாவு எப்படிக்கா காயும்?”

பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வாசல் வரை வந்து சொன்னாள்: “மடத்துல ரெண்டு வரி சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. லெட்டர்ஹெட்ல. அது இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

ஜனவரி 12, வெள்ளி

நான்கரைக்கே விழிப்பு வந்துவிட்டது. பழக்கம்தான், வேறொன்றுமில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மாவுக்கு விடுமுறை. கிரைண்டரைப் பிரித்துத் துடைத்தேன். அண்ணன் நல்ல மனநிலையில் இருந்தார். பம்பாயில் அவர் சிநேகிதர் ஒருவர் ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறாராம். கேட்டால் அனுபவச் சான்றிதழ் போட்டுத் தருவாராம். “எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் வேணுமோ சொல்லு. அவன் சீல் வச்சே தருவான்.”

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாத்திரம் நிறைய கிடந்தது.

ஜனவரி 18, வியாழன்

மடத்துக்குப் போய் வந்தேன். திண்டுக்கல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

சிஸ்டர் கிளாடிஸ் இப்போது சபையின் மாநிலத் தலைவியான மதரின் செயலர். அவளும் நானும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள், ஒரே நாளில் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். விருந்தினர் அறையில் உட்கார வைத்து, தங்க விளிம்பு போட்ட கோப்பையில் காபி கொடுத்தாள். வீட்டுச் சகோதரிகளுக்கு எவர்சில்வர் டம்ளர், வெளியாருக்குத் தங்க விளிம்பு. அந்தக் கோப்பைகளை வாங்கி வந்ததே நான்தான். காபி நன்றாக இருந்தது.

“எப்படி இருக்க பெர்ன...” என்று ஆரம்பித்து, “ஜெயசீலி” என்றாள்.

“நல்லா இருக்கேன். ரெண்டு வரி வேணும் கிளாடிஸ். இந்த வருஷத்துலேருந்து இந்த வருஷம் வரைக்கும் போர்டிங் சமையல்கட்டு என் பொறுப்புல இருந்துச்சுன்னு.”

“நீ போன்ல சொன்னதுமே மதர்கிட்ட கேட்டேன். அப்படிக் கொடுக்குற வழக்கம் இல்லைன்னுட்டாங்க. வெளிய போனவங்க செஞ்ச வேலைக்கு எதையும் கேக்க முடியாதுன்னு திருச்சபைச் சட்டத்துலயே இருக்காம்.”

“கூலி கேக்க முடியாதுன்னு இருக்கு. அந்தப் பாடத்துல உன்னைவிட எனக்குத்தான் மார்க் ஜாஸ்தி. நான் கூலியா கேட்டேன்? செஞ்சேன்னு ஒரு வரி கேக்குறேன்.”

“அது வேலை இல்லடி. சேவை.”

“வெங்காயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியலையே. கண்ணு எரிஞ்சுச்சே.”

கிளாடிஸ் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அன்னிக்கும் இதே பிடிவாதம். பேசாம இருந்து நித்திய வார்த்தைப்பாடு கொடுத்திருந்தா இந்நேரம் நீ ஒரு வீட்டுக்கே தலைவி. எல்லாருக்கும் எல்லா நாளும் ஜெபம் வருதா என்ன?”

“உனக்கு வருதா?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். “உனக்கு பஸ் எத்தனை மணிக்கு?” என்றாள்.

கேட் வரை கூட வந்தாள். சமையல்கட்டுப் பக்கமிருந்து சாம்பார் வாசனை வந்தது. பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

“எழுத்துல தர என்னால முடியாது. யாராச்சும் போன் பண்ணிக் கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். என் நம்பரைப் போட்டுக்க” என்றாள் கிளாடிஸ். போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

உளுந்து புதுசு. மாவு நன்றாகப் பொங்கி வந்தது.

ஜனவரி 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்தபோது அண்ணன் போனை நீட்டினார். பம்பாய் சான்றிதழ் வாட்ஸப்பில் வந்துவிட்டது. கம்பெனி பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. செல்வி ஜெயசீலி எங்கள் நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார், நேர்மையானவர், கடின உழைப்பாளி, யாரையும் அரவணைத்துப் போகும் குணமுடையவர், அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.

மூன்று தடவை படித்தேன். என்னைக் கண்ணால் பார்த்திராத ஒரு மனிதர் இவ்வளவும் எழுதிவிட்டார். பார்த்தவர்களுக்கு ஒரு வரி எழுத வழக்கமில்லை.

“திருப்திதானே?” என்றார் அண்ணன்.

“நல்லா எழுதியிருக்காருண்ணே. யாரைப் பத்தின்னுதான் தெரியலை.”

ஜனவரி 22, திங்கள்

ஹபீபாவிடம் உட்கார்ந்து முடித்தேன்.

பம்பாய் கிடையாது. மடம் உண்டு. அப்பம் சுட்டது, போர்டிங் சமையல்கட்டு, வார்த்தைப்பாட்டு விழாக்கள் எல்லாம் வரிசையாக. இறையியல் பட்டயம் உண்டு. ‘இதுக்கும் மண்டபத்துக்கும் என்னக்கா சம்பந்தம்?’ என்றாள். சம்பந்தம் இல்லைதான். இரண்டு வருடம் படித்தேன், தேறினேன். போடு என்றேன். பக்கத்தில் ‘சகோதரி பெர்னதீன் என்ற பெயரில்’ என்றும் போடச் சொன்னேன். ‘மடத்திலிருந்து விலகிய காரணம்’ என்று ஒரு வரி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், கேட்டால் வாயால் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

“கடைசி நாலு வருஷம்? சும்மான்னு போட்டுரட்டுமா?” அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் உதடு சிரிப்பை அடக்கியது.

“இட்லி மாவு தயாரிப்பும் விநியோகமும். பொன்மலைப்பட்டி. நான்கு வருடம்.”

அடித்தாள். “தினசரின்னு சேர்த்துக்கட்டா?”

“சேர்த்துக்க.”

இரண்டு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தபோது, இந்தப் பெண்ணை நானே வேலைக்கு எடுப்பேன் என்று தோன்றியது.

ஜனவரி 23, செவ்வாய்

கேட்காமல் கொடுத்துவிட்டுப் பிறகு தெரிவதைவிட முன்பே தெரியட்டும் என்று அண்ணனிடம் காட்டினேன். நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

“ஊருக்கே தம்பட்டம் அடிக்கப் போறியா?”

“மண்டபத்துக்காரங்களுக்கு மட்டும்தாண்ணே.”

“உறையூருக்கும் பொன்மலைக்கும் எவ்வளவு தூரம்? ஒரு கல்யாணத்துல ஒருத்தர் பாத்தாப் போதும். நீ வார்த்தைப்பாடு கொடுத்தப்ப நம்ம சொந்த ஊர்ல கிடா வெட்டி விருந்து போட்டேன். தட்டி வச்சேன். திரும்பி வந்தப்ப அதே ஜனம் எங்கிட்ட என்ன கேட்டுச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

“எங்கிட்டயும் அதைத்தான் கேட்டாங்க. எவனுக்காக வந்த, ஆள் யாருன்னு.”

அண்ணி தாளை வாங்கிப் பார்த்தார். மடத்தைத் தாண்டிக் கீழே போனார். முகம் மாறியது.

“இது என்ன, மாவு தயாரிப்பு? வீட்டுல கூடமாட ஒத்தாசை செய்யுறதையெல்லாம் வேலைன்னு போடுவாங்களா? கடைக்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க, நான் உன்னை வச்சு வேலை வாங்குறேன்னா?”

“நான் ஆட்டுறேன்னுதான் போட்டிருக்கேன். நீங்க வாங்குறீங்கன்னு எங்கயும் போடலையே அண்ணி.”

“பாருங்க எப்படிப் பேசுறான்னு!”

அண்ணன் எழுந்தார். “இதைக் கொண்டு போய்க் கொடுத்தியானா, அப்புறம் இந்த வீட்டுல...” என்றவர் முடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் முடிக்காததை நான் முடித்துக்கொண்டேன். அரிசி ஊற வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஜனவரி 25, வியாழன்

மண்டபத்து உரிமையாளர் பெயர் கனகாம்புஜம். எழுபதை நெருங்குபவர். நெற்றியில் விபூதி மட்டும். மாடியில் அவர் அறை. அங்கிருந்து கண்ணாடி வழியாக வாசலும் மணவறையும் தெரியும்.

பயோடேட்டாவை வாங்கிப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இங்கிலீஷ்ல கொண்டாந்திருக்க. எனக்குப் படிக்க வராது. நீயே சொல்லு, என்ன எழுதியிருக்க?”

இதை நானோ ஹபீபாவோ யோசிக்கவே இல்லை. இவ்வளவு நாள் எதைப் போடுவது, எதை விடுவது என்று இந்த வீடே ரெண்டுபட்டது. இப்போது அந்தம்மாவுக்கு அந்தத் தாள் வெறும் தாள். மடத்தைத் தாண்டி மாவுக்குத் தாவினால் கேட்க ஆளில்லை. பம்பாய் என்று இப்போது சொன்னாலும் சரிதான்.

முதல் வரியிலிருந்து வரிசையாகச் சொன்னேன்.

மடம் என்றதும் நிமிர்ந்தார். “சாமியாரம்மாவா இருந்தியா? வெள்ளைச் சேலை கட்டி?”

“ஆமாம்மா. பன்னிரண்டு வருஷம்.”

“கல்யாணத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“எங்க வார்த்தைப்பாட்டு விழாவும் கல்யாணம் மாதிரிதாம்மா. மாலை உண்டு, பாட்டு உண்டு, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு உண்டு. பொண்ணு வீட்டுக்காரங்க பஸ் பிடிச்சு வருவாங்க. பந்தியில இடம் கிடைக்கலைன்னு சண்டை போடுவாங்க. மாப்பிள்ளை மட்டும் கண்ணுக்குத் தெரிய மாட்டார்.”

“அப்ப மாப்பிள்ளை வீட்டுச் சண்டை?”

“அந்தப் பக்கம் அமைதிதான்.”

சிரித்தார். சிரிப்பு நின்றதும் எல்லாரும் கேட்பதைக் கேட்டார். “ஏன் வெளிய வந்த? ஆள் யாரும் உண்டா?”

“இல்லம்மா. முழங்கால் போட்டு ஜெபம் பண்றப்ப, நாளைக்கு ரசத்துக்கு எவ்வளவு புளி கரைக்கணும்னு மனசு போச்சு. முதல்ல எப்பவாச்சும். அப்புறம் தினமும். சாகுற வரைக்கும் இப்படியே இருக்கேன்னு கடவுள்கிட்ட சத்தியம் பண்ற வருஷம் வந்துச்சு. பொய்ச் சத்தியம் பண்ண மனசு வரலை.”

“புளிக்காகவா வெளிய வந்த?”

“புளிக்காகத்தான்.”

“இதை யாரும் நம்ப மாட்டாங்களே.”

“நம்புறவங்ககிட்ட வேலை பாத்துக்கிறேன்.”

சமையல்கட்டையும் பந்திக்கூடத்தையும் சுற்றிப் பார்க்கச் சொன்னார். கை கழுவுமிடமும் பந்திக்கூடத்து வாசலும் ஒரே பக்கம் இருக்கின்றன. சாப்பிட்டு வருபவர்களும் சாப்பிடப் போகிறவர்களும் முட்டிக்கொள்வார்கள். பின்கதவைத் திறந்துவிட்டால் சரியாகும். வந்து சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

“வேலை தரேன். ஒண்ணு மட்டும். சமையல், பந்தி, ஆளுங்க எல்லாம் உன் பொறுப்பு. முகூர்த்த நேரத்துல வாசல்ல நிக்க வேணாம். நீ துறவறம் போயி வந்தவ. ஜனம் ஒண்ணு கிடக்க ஒண்ணு பேசும். நான்கூட நிக்கிறதில்ல. அவர் போனதுலேருந்து முகூர்த்தம்னா எனக்கு இந்த ரூம்தான்.”

“உங்க மண்டபம்மா.”

“மண்டபம் என்னுது. முகூர்த்தம் அவங்களுது.”

அறையின் சாவி அவர் மேசை மேல் இருந்தது. சற்று முன்புதான் அதையும் திறந்து காட்டியிருந்தார்கள். சிறியது. கிழக்கே ஒரு ஜன்னல். உள்ளே தாழ்ப்பாள் இருந்தது.

“மேனேஜர்னா வாசல்ல நிக்கணும்மா. கூட்டம் எங்க சேருது, எங்க முட்டுதுன்னு அங்கதான் தெரியும். ஒளிஞ்சு நின்னு மேனேஜரா இருக்க எனக்கு வராது. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பயோடேட்டாவில், விசாரிப்பதற்காகப் போட்டிருந்த கிளாடிஸின் நம்பரைப் பேனாவால் வட்டமிட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். காலையில் சாப்பிடாததால் இருக்கும்.

ஜனவரி 26, வெள்ளி

அண்ணி என்ன ஆச்சு என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதியா என்று நான் பார்க்கவில்லை.

ஜனவரி 29, திங்கள்

கனகாம்புஜம் அம்மாளே கூப்பிட்டார்.

“உங்க சிஸ்டர்கிட்ட பேசினேன். நான் கேட்டது ஒரு கேள்வி. அவங்க பாட்டுக்கு உன் சாம்பார்லேருந்து சம்பந்தமில்லாத கதையெல்லாம் சொல்லிக்கிட்டே போனாங்க. கடைசியில அழுத மாதிரி இருந்துச்சு. சளியோ என்னவோ.”

கிளாடிஸுக்கு இந்த மாதத்தில் சளி பிடிப்பது வழக்கம்தான்.

“வியாழக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கு. வந்து வேலை பாரு. பாத்துட்டுச் சொல்றேன்.”

“வாசல்லயும் நிப்பேம்மா.”

“நீ நிப்பன்னு தெரியும். நிக்க விடுவாங்களான்னு பாப்போம்.”

பிப்ரவரி 1, வியாழன்

கை வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

விடிவதற்கு முன்பே போய்விட்டேன். பால் வந்தது, வாழையிலை வந்தது, நாதஸ்வரக்காரர்களுக்குக் காபி போகவில்லை என்று சண்டை வந்தது. பின்கதவைத் திறந்து வைத்தேன். டிபன் பந்தி முட்டாமல் ஓடியது. முகூர்த்தத்துக்கு ஆட்கள் சேரத் தொடங்கியதும் வாசலுக்குப் போய் நின்றேன். மாடிக் கண்ணாடியில் கனகாம்புஜம் அம்மாள் தெரிந்தார்.

வரவேற்பு மேசையில் சந்தனம், குங்குமம், கல்கண்டு, பன்னீர்ச் சொம்பு எல்லாம் தட்டில் தயாராக இருந்தன. அதை ஏந்தி நிற்க வேண்டிய பெண் வீட்டு மருமகள்கள் இருவரும் மேக்கப்பிலிருந்து இன்னும் வரவில்லை. பெண்ணின் அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். யாரும் இல்லை என்று கண்டதும் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“கொஞ்சம் பிடிங்கம்மா.”

வாங்கியிருக்கலாம். அவருக்கு என்னைத் தெரியாது.

“ஒரு விஷயம்மா. எனக்குக் கல்யாணம் ஆகலை. மடத்துல கன்னியாஸ்திரீயா இருந்துட்டு வெளிய வந்தவ நான். அதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கொடுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தெருவில் ஹாரன் கேட்டது.

“கை நல்லா இருக்குல்ல? பிடிங்கம்மா! சம்பந்தி வீட்டு வேன் வந்துருச்சு!”

பிடித்தேன். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி, உள்ளே அனுப்பினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் கல்கண்டை இரண்டு முறை எடுத்தார்.

அவர்களுக்குப் பின்னால் லில்லிபுஷ்பம் டீச்சர் வந்தார். பொன்மலைப்பட்டியில் எங்கள் தெரு. அண்ணனின் அன்பியம். மணப்பெண் அவரிடம் படித்தவளாம்.

“அட, கிரகோரி சார் தங்கச்சி! இங்கயா வேலை? பம்பாய்லயும் இதே மாதிரி வேலைதானா?”

சுற்றிலும் ஆட்கள். மேளம் சற்று ஓய்ந்திருந்தது.

“நான் பம்பாயைப் பார்த்ததே இல்ல டீச்சர். அந்தப் பன்னிரண்டு வருஷமும் மடத்துல இருந்தேன். சிஸ்டர் பெர்னதீன்னு பேரு. பிடிக்காம வெளிய வந்துட்டேன்.”

டீச்சர் விரலில் சந்தனம் அப்படியே நின்றது. “அப்ப... போன மாசம்கூட அங்க மழை ஜாஸ்தின்னு சொன்னீங்களே?”

“பேப்பர்ல படிச்சது. கல்கண்டு எடுத்துக்குங்க. டிபன் இடது பக்கம். பொங்கல் சூடா இருக்கு, முதல்ல அதைச் சாப்பிடுங்க.”

டீச்சர் போனார். பொங்கலைச் சாப்பிட்டார். போனையும் எடுத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போனார். இரண்டையும் பார்த்தேன்.

மதியப் பந்தி முடிந்ததும் மாடிக்கு அழைப்பு வந்தது.

“அந்தத் தட்டை யார் உங்கிட்ட கொடுத்தது?”

“பொண்ணோட அம்மா.”

“நீ யாருன்னு தெரியாமக் கொடுத்திருப்பாங்க.”

“சொல்லிட்டுத்தான் வாங்கினேன்.”

“சொன்னியா? என்ன சொன்னாங்க?”

“கை நல்லா இருக்கான்னு கேட்டாங்க.”

கனகாம்புஜம் அம்மாள் கண்ணாடி வழியாகக் கீழே வாசலைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். “ஞாயித்துக்கிழமை சாமானைக் கொண்டாந்துரு.”

“வாசல்?”

“மேனேஜர் வேற எங்க நிப்பா?”

கூட்டம் போன பிறகு அவர் மெல்லப் படியிறங்கி வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். தெருவைப் பார்த்தார். மறுபடியும் மேலே போய்விட்டார். நான் பார்த்தது அவ்வளவுதான்.

பிப்ரவரி 2, வெள்ளி

காணிக்கை மாதா திருநாள், கோவிலில் மெழுகுதிரி மந்திரிக்கும் நாள். துறவியருக்கான நாளும் இதுதான். கோவிலுக்குப் போகவில்லை. ஒரு மெழுகுதிரி வாங்கி வைத்தேன். மண்டபத்தில் கரண்ட் போனால் உதவும்.

அண்ணன் அன்பியக் கூட்டத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார்.

“சந்தோஷம்தானே உனக்கு? தெரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு.”

“என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?”

“உன்னைப் பத்தி யாரு பேசுறா? நான் ஏன் பொய் சொன்னேன்னு கேக்குறாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தலைவலின்னு எந்திரிச்சு வந்துட்டேன்” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, “காபி இருக்கா?” என்றார். போட்டுக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இதை என் அறையில் எழுதுகிறேன். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. எண்ணெய் விட வேண்டும்.

காலையில் அண்ணனே என் டிரங்குப் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். நான் தூக்குகிறேன் என்றதற்குப் பேசாமல் இரு என்றார். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, அவசரப்படவும் இல்லை. “போய் போன் பண்ணு” என்று மட்டும் சொன்னார்.

அண்ணி வீட்டுப் படியில் நின்றார். கண் சிவந்திருந்தது. கையில் ஊறிய உளுந்தின் ஈரம். ஆட்டோ கிளம்பும்போது வேகமாக இறங்கி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் சரி. நாளைக்கு மாவை யாரு ஆட்டுறது?”

“ஆள் தேவைன்னு விளம்பரம் போடுங்க அண்ணி” என்றேன். “அனுபவம் இருக்கணும்னு மறக்காமப் போடுங்க.”